தார்ப்பாய்ப் பை முதல் சரக்குப் பலகை அலமாரி வரை: கழிவிலிருந்து வந்த பொருள்களோடு இரண்டு ஆண்டுகள்

வீட்டில் ஒரு பொருள் தேய்ந்தோ உடைந்தோ போனால், அதன் இடத்தில் புத்தம்புதிய மூலப்பொருளில் செய்ததை வைக்காமல், ஒரு முறை உழைத்து ஓய்ந்த பொருளிலிருந்து செய்ததையே வாங்கி வைப்பது என்று இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு முடிவு செய்தேன். அந்த முடிவின்படி லாரித் தார்ப்பாயில் தைத்த தோள்பை ஒன்று, டயர் அடி வைத்த செருப்பு ஒரு ஜோடி, பாட்டிலை வெட்டிச் செய்த தம்ளர்கள் நான்கு, சரக்குப் பலகைகளைப் பிரித்துச் செய்த புத்தக அலமாரி ஒன்று, இவற்றோடு சில சில்லறைப் பொருள்களும் வீட்டுக்குள் வந்தன. எல்லாம் வெவ்வேறு கைவினைஞர்களிடமும் சிறு நிறுவனங்களிடமும் வாங்கியவை. அவர்களின் பெயர்களை இங்கே எழுதவில்லை. இதே வகைப் பொருள்களை இன்று உலகின் பல பகுதிகளிலும் பலர் செய்து விற்கிறார்கள் என்பதால், எங்கே வாங்குவது என்பதைவிட எதைப் பார்த்து வாங்குவது என்பதே படிப்பவருக்குக் கூடுதலாகப் பயன்படும் என்று கருதுகிறேன்.

தொடக்கத்தில் 'கழிவிலிருந்து செய்தது' என்ற ஒரு தகுதியே எனக்குப் போதுமானதாக இருந்தது. ஆறு மாதம் புழங்கிய பிறகு அந்த எண்ணம் மாறியது. ஒரு பொருள் தன் முதல் வாழ்வில் எந்த வேலையைச் செய்ததோ, அதற்கு நெருங்கிய வேலையை இரண்டாம் வாழ்விலும் கொடுத்தால் அது நின்று உழைக்கிறது. அதற்குச் சற்றும் பழக்கமில்லாத வேலையில் மாட்டிவிட்டால், செய்தவர் எவ்வளவு அழகாகச் செய்திருந்தாலும் அது விரைவிலேயே மறுபடியும் குப்பைக்குத்தான் போகிறது. கீழே வரும் மதிப்பீடுகள் எல்லாம் இந்த அளவுகோலை வைத்துச் செய்தவை.

முதலில் தோள்பை. லாரியின் மேல் விரிக்கும் தார்ப்பாய் என்பது பாலியெஸ்டர் நூலில் நெய்த துணியின் இரு பக்கமும் பிவிசி பூசியது. வெயில், மழை, காற்று, கயிற்றின் இழுப்பு ஆகிய அனைத்தையும் பல ஆண்டுகள் தாங்கும்படி உருவாக்கப்பட்டது அது. லாரிக்கு இனி உதவாது என்று கழற்றி எறியும்போதுகூட, ஓரங்களும் மடிப்புகளும் மட்டுமே நைந்திருக்கும். நடுப்பகுதி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். 1993-இல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் மார்க்குஸ் ஃபிரைட்டாக், டானியல் ஃபிரைட்டாக் என்ற சகோதரர்கள் இந்த நடுப்பகுதியை வெட்டி, தோள்பட்டைக்கு காரின் சீட் பெல்ட்டையும், ஓரம் கட்ட சைக்கிள் டியூபையும் வைத்துத் தைத்த பைதான் இந்த வகைக்கு உலக அளவில் பெயர் வாங்கிக் கொடுத்தது. அந்தத் தேர்வில் உள்ள பொருத்தத்தை நான் பையைப் பயன்படுத்தத் தொடங்கிய பிறகே முழுமையாக உணர்ந்தேன். மழையைத் தடுத்துவந்த பரப்பு இங்கேயும் மழையைத் தடுக்கிறது; ஒரு மனிதரின் எடையை ஒரு நொடியில் தாங்கிப் பிடிக்க நெய்த பட்டை இங்கே சில புத்தகங்களின் எடையைத் தாங்குகிறது; காற்றைப் புகவிடாத ரப்பர், வெட்டிய ஓரத்தில் தண்ணீர் ஏறாமல் காக்கிறது.

நான் வாங்கிய பையின் முகப்பில், பழைய லாரியின் மேல் எழுதியிருந்த ஏதோ ஒரு பெயரின் பாதி எழுத்து குறுக்கே வெட்டுப்பட்டு நிற்கிறது. உள்பக்கம் திருப்பினால், முன்பு கயிறு கோத்த உலோகக் கண் ஒன்று அப்படியே இருக்கிறது. அதைச் சுற்றித் துருவின் பழுப்பு வளையம். செய்தவர் அதை வெட்டி எறியாமல், சாவிக்கொத்தைக் கோத்துத் தொங்கவிட வாகான இடத்தில் வரும்படி வெட்டியிருக்கிறார். இந்த ஒரு கவனத்துக்காகவே அந்தப் பையின் மேல் எனக்குப் பிரியம் உண்டு.

ஆனால் அதே கவனம் தையலில் இல்லை. நான்காம் மாதத்தில் பட்டை சேரும் இடத்தில் தையல் விட்டது. பிரித்துப் பார்த்தபோது இரண்டு தவறுகள் தெரிந்தன. தைத்த நூல் சாதாரணப் பருத்தி நூல்; மழை நாள்களில் நனைந்து நனைந்து அது இற்றுப்போயிருந்தது. இரண்டாவது தவறு இன்னும் பெரியது: ஊசித் துளைகள் மிக நெருக்கமாக விழுந்திருந்தன. சாதாரணத் துணியில் ஊசி இழைகளை விலக்கிக்கொண்டு போகிறது. ஊசி வெளியே வந்ததும் இழைகள் மறுபடி நெருங்கிவிடும். பிவிசி பூசிய துணியில் துளை துளையாகவே நின்றுவிடுகிறது. துளைகள் நெருங்கி வரிசையாக நின்றால், தபால்தலைத் தாளைக் கிழிப்பதற்கு வசதியாகப் போட்டிருக்கும் புள்ளிகளைப் போல அந்தக் கோட்டிலேயே தார்ப்பாய் கிழியத் தொடங்கும். செருப்புத் தைக்கும் ஒருவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் பழைய துளைவரிசையை விட்டு ஒரு விரற்கடை உள்ளே தள்ளி, பின்பக்கம் ஒரு தார்ப்பாய்த் துண்டை ஒட்டு வைத்து, அகலமான தையலாக நைலான் நூலில் தைத்துக் கொடுத்தார். அதன் பிறகு இன்றுவரை அந்த இடம் அசையவில்லை. இத்தகைய பையை வாங்குபவர்கள் கையோடு உள்பக்கம் திருப்பி, பட்டை சேரும் இடத்தில் உட்புறம் ஒட்டு இருக்கிறதா, நூல் பளபளப்பான செயற்கை நூலா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். முகப்பின் நிறத்தைப் பிறகு பார்க்கலாம்.

பிவிசியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அது மண்ணில் மக்காது. எரித்தால் ஹைட்ரஜன் குளோரைடும், சூழ்நிலையைப் பொறுத்து டையாக்சின்கள் என்ற நச்சுப் பொருள்களும் வெளியாகும். வளைந்து கொடுப்பதற்காக அதில் நெகிழ்விப்பான்களைச் சேர்ப்பார்கள் என்பதால், பொதியாத உணவுப் பொருளை இந்தப் பையில் நேரடியாகப் போடுவதை நான் தவிர்க்கிறேன். தார்ப்பாய் என்றைக்காவது ஒரு நாள் கழிவாகத்தான் போகும். அந்த நாளைத் தள்ளிப்போடுவது மட்டுமே இந்தப் பையால் முடியும். அந்தத் தள்ளிப்போடுதலுக்கு மதிப்பு உண்டா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு புதிய பருத்திப் பை, ஒரே முறை பயன்படுத்தி எறியும் மெல்லிய பிளாஸ்டிக் பையைவிடப் புவி வெப்பத்துக்குக் குறைந்த சுமையாக வேண்டுமானால் அதை 131 முறை பயன்படுத்த வேண்டும். டென்மார்க்கின் சுற்றுச்சூழல் முகமை 2018-இல் செய்த கணக்கில் காலநிலையை மட்டும் பார்த்தால் 52 முறை. ஓசோன் படலம் உள்ளிட்ட எல்லாப் பாதிப்புகளையும் சேர்த்துப் பார்த்தால் 7,100 முறை. பருத்தியை விளைவிக்கச் செலவாகும் தண்ணீரும் உரமும் ஆற்றலும் அவ்வளவு பெரியவை. இயற்கைப் பொருள் என்பதாலேயே ஒரு பை இலேசான சுமையாகிவிடுவதில்லை என்பது எனக்குப் புதிய செய்தியாக இருந்தது. தார்ப்பாயின் உற்பத்திச் சுமை லாரியின் கணக்கிலேயே தீர்ந்துவிட்டது. என் பையின் கணக்கில் வருவது வெட்டியது, கழுவியது, தைத்தது மட்டுமே. அதை நான் இதுவரை ஐந்நூறு நாள்களுக்கு மேல் தோளில் மாட்டியிருக்கிறேன்.

அடுத்தது டயர்ச் செருப்பு. டயரை உருக்கி மறுபடி ரப்பராக்குவது எளிதன்று. சார்லஸ் குட்இயர் 1839-இல் கண்டறிந்து 1844-இல் காப்புரிமை பெற்ற வல்கனைசேஷன் முறையில், ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கும்போது அதன் நீண்ட மூலக்கூறுகளுக்கு இடையே குறுக்குப் பிணைப்புகள் உண்டாகின்றன. வெயிலில் இளகாமலும் குளிரில் விறைக்காமலும் டயர் இருப்பதற்கு அந்தப் பிணைப்புகளே காரணம். அவை இருப்பதால்தான் அது மறுபடி உருகுவதுமில்லை. ஆகவே டயரை அதன் உருவத்திலேயே அறுத்துப் பயன்படுத்துவது, அந்தப் பொருளின் இயல்பைப் புரிந்துகொண்டு செய்யும் மறுபயன்பாடு. சாலையில் தேயாமல் உழைப்பதற்காகச் செய்த பொருள், அதே சாலையில் மனிதரின் காலுக்குக் கீழே மறுபடி வேலை செய்கிறது.

நடைமுறையில் எல்லாம் எந்த டயரை அறுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. ரேடியல் டயரில் சாலையைத் தொடும் பாகத்துக்கு அடியில் எஃகுக் கம்பி வலை ஓடுகிறது. எனக்கு முதலில் கிடைத்த ஜோடியில், மூன்றாம் மாதத்தில் இடது செருப்பின் ஓரத்திலிருந்து மயிரிழை போன்ற ஒரு கம்பி வெளியே எட்டிப் பார்த்தது. தரையில் கீறல் விழுந்ததைக் கண்டுதான் அதைக் கவனித்தேன். அதற்குள் துடைக்கப்போன கையில் குத்திவிட்டது. செய்தவரிடம் காட்டியபோது மறுப்புச் சொல்லாமல் வாங்கிக்கொண்டு, துணி இழைகள் மட்டுமே உள்ள டயரில் அறுத்த வேறொரு ஜோடியைக் கொடுத்தார். அறுபட்ட ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். துணி இழை என்றால் வெளிர்நிறப் புள்ளிகள், கம்பி என்றால் மின்னும் புள்ளிகள். மின்னினால் வாங்க வேண்டாம். இரண்டாவது ஜோடி பதினெட்டு மாதமாக உழைக்கிறது. அடியில் உள்ள டயரின் வரிகள் இன்னும் முழுதாக அழியவில்லை. சாதாரணச் செருப்பைவிடக் கனம் அதிகம் என்பதும், நனைந்த வழவழப்பான தரையில் கொஞ்சம் வழுக்குகிறது என்பதும் குறைகள். நெடுந்தூரம் நடப்பவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

டயரைப் பற்றிப் பேசும்போது, அதைப் பாதியாக வெட்டி வண்ணம் அடித்துப் பூந்தொட்டி ஆக்குவதைப் பற்றியும் சொல்லத் தோன்றுகிறது. பார்க்க அழகாக இருக்கும். பூச்செடி வைப்பவர்கள் வைக்கட்டும். உண்ணும் செடிகளை அதில் வளர்ப்பது சரியென்று எனக்குப் படவில்லை. வல்கனைசேஷனுக்குத் துத்தநாக ஆக்சைடு சேர்க்கிறார்கள். ரப்பரில் வெடிப்பு விழாமல் இருக்க 6பிபிடி (6PPD) என்ற வேதிப்பொருளையும் சேர்க்கிறார்கள். அந்தப் பொருள் ஓசோனோடு வினைபுரிந்து உருவாகும் ஒரு சேர்மம் கோஹோ சால்மன் மீன்களைக் கொல்கிறது என்று 2020-இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். ஆண்டுக்கணக்கில் ஈரமண்ணை அணைத்துக்கொண்டு கிடப்பது டயருக்கு வகுத்த வேலையன்று.

பாட்டில் தம்ளர்களைப் பற்றி நிறையச் சொல்ல இருக்கிறது, ஏனென்றால் இவற்றில்தான் நல்ல வேலைக்கும் அரைகுறை வேலைக்கும் உள்ள தூரம் அதிகம். கண்ணாடியை உலையில் உருக்கச் சுமார் 1500 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை. பாட்டிலை உருக்காமல் கழுத்தோடு வெட்டித் தம்ளராக்கினால் அந்த வெப்பம் முழுவதும் மிச்சம். வெட்டுவது எளிய முறைதான்: கூரிய சக்கரத்தால் சுற்றிலும் ஒரு கீறல் போட்டு, அந்தக் கோட்டைச் சூடாக்கி, உடனே குளிர்ந்த நீரில் நனைத்தால் கண்ணாடி கீறலின் வழியே பிரிந்துவிடும். அதற்குப் பிறகு வரும் வேலையே வேலை. பிரிந்த விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்கள் நிறைய இருக்கும். அவற்றைத் தண்ணீர் விட்டு, முதலில் கொரகொரப்பான உப்புத்தாளிலும் பிறகு படிப்படியாக மென்மையானதிலும் பொறுமையாகத் தேய்த்து எடுக்க வேண்டும். அல்லது விளிம்பைத் தீயில் காட்டி உருண்டையாக்க வேண்டும். இந்தப் படியில் அவசரப்பட்டால், உதட்டில் படும் இடம் வெறும் பார்வைக்கு வழவழப்பாகத் தெரியும். விரிசல் அங்கேயே காத்திருக்கும்.

விளிம்பைச் சோதிக்க விரல் போதாது. ஒரு துளி பஞ்சைப் பிய்த்து விளிம்பைச் சுற்றி மெதுவாக இழுத்துப் பாருங்கள். நல்ல விளிம்பில் பஞ்சு தடையின்றிச் சுற்றிவரும். பொடிச் சிதைவு எங்கேனும் இருந்தால் அந்த இடத்தில் ஓர் இழை சிக்கி நிற்கும். என்னுடைய நான்கில் மூன்று இந்தச் சோதனையில் தேறின. நான்காவதில் இழை சிக்கியது. அதை எழுதுகோல்கள் வைக்க ஒதுக்கிவிட்டேன்.

தேறிய மூன்றில் ஒன்று பின்னர் என் தவறால் போனது. கொதிக்கும் நீரை அதில் ஊற்றினேன். 'டிக்' என்ற மெல்லிய ஒலி வந்தது. அடிப்பாகத்துக்குச் சற்று மேலே மோதிரம் போட்டாற்போல் ஒரு விரிசல் முழுதாகச் சுற்றிவந்து நின்றது. பாட்டில்கள் செய்யும் சோடா சுண்ணாம்புக் கண்ணாடி, ஆய்வகக் குடுவைகளுக்குப் பயன்படும் போரோசிலிக்கேட் கண்ணாடியைவிடச் சூட்டில் ஏறக்குறைய மூன்று மடங்கு விரிகிறது. பாட்டிலின் அடி தடிமனாகவும் சுவர் மெல்லியதாகவும் இருப்பதால், உட்புறம் சட்டென்று விரிய, வெளிப்புறமும் தடித்த அடியும் அப்படியே இருக்க, இரண்டும் சேரும் இடம் பிளக்கிறது. குளிர்ந்த பானத்தைச் சுமக்கப் பிறந்த பாட்டிலைக் கொதிநீரைச் சுமக்கச் சொன்னது நான். ஆனாலும், விற்கும்போது தம்ளரோடு ஒரு சிறு சீட்டில் 'சூடானவை ஊற்ற வேண்டாம்' என்று எழுதி வைப்பது செய்தவர்களின் கடமை என்றே நினைக்கிறேன். எனக்கு வந்த பெட்டியில் அப்படி எதுவும் இல்லை. மாறாக, காபி நுரைக்க நிரப்பிய படம் ஒன்று பெட்டியின் மேல் அச்சாகியிருந்தது. அந்தப் படம் யாருடைய கையையாவது சுட்டுவிடும் என்ற கவலை எனக்கு இன்னும் இருக்கிறது.

வாங்கியவற்றில் ஒரு குறையும் சொல்ல முடியாதது புத்தக அலமாரிதான். சரக்குக் கப்பல்களிலும் கிடங்குகளிலும் பொதிகளுக்கு அடியில் வைக்கும் மரப் பலகைகளை, அதாவது பேலட்களை, பிரித்து இழைத்துச் செய்தது. டன் கணக்கில் எடையைத் தாங்கிய மரம் புத்தகங்களின் எடையைப் பொருட்படுத்துவதே இல்லை. அலமாரியை வாங்கும்போது செய்தவர் அதைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி, ஒரு பலகையில் கருகிய நிறத்தில் சூடு போட்டிருந்த முத்திரையைக் காட்டினார். கோதுமைக் கதிர் போன்ற ஒரு சின்னம், நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்துகள், ஓர் எண், கடைசியில் 'ஹெச்டி' (HT). மரத்தில் ஒளிந்து பூச்சிகள் நாடு விட்டு நாடு போவதைத் தடுக்க 2002-இல் ஏற்கப்பட்ட ஐஎஸ்பிஎம் 15 என்ற பன்னாட்டு நெறியின்படி போடும் முத்திரை அது. 'ஹெச்டி' என்றால் மரத்தின் மையம் வரை 56 டிகிரி செல்சியஸ் வெப்பம் ஏறி, குறைந்தது 30 நிமிடம் அங்கே நின்றது என்று பொருள். 'எம்பி' (MB) என்று இருந்தால் மெத்தில் புரோமைடு வாயுவால் புகையூட்டியது. அது நச்சு வாயு. ஓசோன் படலத்தைச் சிதைப்பதால் மான்ட்ரியல் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் உள்ளது. 'எம்பி' முத்திரை உள்ள பலகையை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். முத்திரையே இல்லாத பலகையின் முன்கதையை யாராலும் சொல்ல முடியாது என்பதால் அதையும் தவிர்க்கலாம். எதைச் சிந்திய கிடங்கில் அது கிடந்தது என்பது யாருக்குத் தெரியும்?

இந்த அலமாரியைச் செய்தவர் அந்த முத்திரையை இழைத்து அழிக்காமல் விட்டுவைத்திருக்கிறார். நான் கேட்காமலேயே எடுத்துக் காட்டினார். மற்றப் பரப்புகளை எல்லாம் சிராய் ஏறாதபடி நன்றாக இழைத்திருக்கிறார். ஆணி பிடுங்கிய துளைகளை அடைக்கவில்லை; மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள், இரும்போடு சேர்ந்து உண்டான கருநீல வளையம் ஒவ்வொரு துளையைச் சுற்றியும் மைக்கறை போலப் பரவியிருக்கிறது. பலகைகளைப் பசையால் ஒட்டாமல் திருகாணியால் இணைத்திருப்பதால், ஒரு பலகை பழுதானால் அதை மட்டும் கழற்றி மாற்ற முடியும். பசை தடவி ஒட்டிய மறுபயன்பாட்டுப் பொருள்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் அவற்றை அடுத்த முறை பிரிக்க முடியாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். கந்தல் துணியைக் கீற்றுகளாகக் கிழித்துப் பின்னிய கால்மிதிகள் ஈரத்தை நன்றாக உறிஞ்சுகின்றன. பருத்தித் துணியில் பின்னியதாகப் பார்த்து வாங்கினால் போதும். மறுசுழற்சித் தாளில் கட்டிய நோட்டுப் புத்தகங்களில் பென்சிலும் பந்துமுனைப் பேனாவும் நன்றாக எழுதுகின்றன, மை பேனா கசிகிறது. ஒவ்வொரு முறை கூழாக்கும்போதும் தாளின் நார் குட்டையாகிக்கொண்டே போவதால், ஐந்தாறு சுற்றுகளுக்கு மேல் அதைக் கொண்டுபோக முடிவதில்லை. அந்தக் கசிவும் அதன் விளைவே என்று எடுத்துக்கொண்டேன். மூங்கில் பல் துலக்கியின் கைப்பிடி மக்கும்; தூரிகை இழை பெரும்பாலும் நைலான். எருக்குழியில் போடும் முன் குறடால் இழைகளைப் பிடுங்கிவிட வேண்டும். அட்டையில் 'முழுவதும் மக்கக்கூடியது' என்று எழுதி விற்றதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஏமாற்றம் தந்தது மேல்சட்டை. பிளாஸ்டிக் பாட்டில்களைத் துகளாக்கி, உருக்கி, இழையாக நூற்று நெய்தது. விரைவில் உலர்கிறது, சுருங்கவில்லை, நிறமும் போகவில்லை. ஆனால் பாட்டிலாக இருந்தவரை அந்தப் பிளாஸ்டிக் மறுபடியும் பாட்டிலாகும் வாய்ப்பு உள்ளதாக இருந்தது; அடியில் முக்கோணத்துக்குள் '1' என்ற எண்ணோடு, எந்த வகை என்று தெளிவாகத் தெரியும்படி இருந்தது. சாயமும் தையல் நூலும் வேறு இழைகளும் கலந்து சட்டையான பிறகு அந்த வாய்ப்பு மிகவும் குறைந்துவிடுகிறது. போதாக்குறைக்கு, ஒவ்வொரு சலவையிலும் நுண்ணிழைகள் உதிர்ந்து நீரோடு போகின்றன. அசையாமல் நீரைச் சுமந்து நின்ற பொருளை, நாள்தோறும் உரசிக் கசங்கும் வேலைக்கு மாற்றியதன் விலை அது. இருப்பதைக் கிழியும்வரை உடுத்துவேன். இன்னொன்று வாங்க மாட்டேன்.

சென்ற மாதம் என் குடையின் கம்பிகள் இரண்டு ஒடிந்துவிட்டன. துணியில் ஒரு பொத்தல்கூட இல்லை. பையைத் தைத்துக் கொடுத்தவரிடமே எடுத்துச் சென்று, நனைந்த துணிகளைப் போட்டு எடுத்துவர ஒரு சுருக்குப் பை தைத்துத் தர முடியுமா என்று கேட்டேன். அவர் துணியை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து, குடையின் பழைய தையல்களைப் பிரிக்காமல் அவற்றின் மேலேயே மடித்துத் தைத்தால் புதிதாக விழும் ஊசித்துளைகள் குறையும் என்றார். நைலான் நூலா என்று நான் கேட்பதற்கு முன்பே நூல்கண்டை எடுத்துக் காட்டினார். வரும் வாரம் வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்.